மூல ஸ்லாவிய வினை ஒன்றின் வேரைத் தேடுவது எப்படி? ‘தூங்கு’ என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு வழிகாட்டி

ரஷ்யனோ போலிஷோ செக்கோ படிக்கத் தொடங்கிய தமிழருக்கு ஆறாவது மாதம் ஒரு காய்ச்சல் வரும். பார்க்கிற சொல்லிலெல்லாம் சமஸ்கிருதச் சாயல் தெரியும். ‘த்னி’ தினம் போலிருக்கும், ‘திம்’ தூமம் போலிருக்கும். அந்தக் காய்ச்சலை முறையான வேலையாக மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கானது இந்தக் கட்டுரை. மொழியியல் பட்டம் தேவையில்லை. ஒரு ஸ்லாவிய மொழியில் தொடக்க அறிவும், ஒரு நோட்டும், சுமார் இருபது மணி நேரமும் போதும்.

மூல ஸ்லாவியம் என்பது ரஷ்யன், போலிஷ், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான, எழுத்தில் கிடைக்காத மொழி. எடுத்துக்காட்டாக முழுக்க அதன் ஒரே வினையைப் பிடித்துக்கொள்வோம்: ‘தூங்கு’ என்று பொருள்படும் *ஸு’பாதி. முன்னால் உள்ள நட்சத்திரக் குறி, இந்த வடிவம் எந்தக் கையெழுத்துப் படியிலும் கிடைத்ததல்ல, மீட்டுருவாக்கியது என்று சொல்கிறது. உ-வுக்குப் பின்னால் உள்ள ’ குறியைக் கீழே விளக்குகிறேன். இந்தக் குறிகளில் ஒன்றை விட்டுவிட்டாலும் வேலை முழுக்கக் கோணலாகிவிடும்.

1. தொடங்குமுன்: எழுத்துகள்

கிரில்லிக் எழுத்து தெரியாமல் இதில் இறங்காதீர்கள். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகு பழைய ஸ்லாவிய நூல்களில் மட்டும் வரும் சில எழுத்துகள் உண்டு: இரண்டு ‘யெர்’, ஒரு ‘யாட்’, இரண்டு மூக்கொலி உயிர்கள். இவற்றில் யெர்தான் புதியவர்களைக் கவிழ்ப்பது.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. ‘நாடு’, ‘காசு’ என்பவற்றின் கடைசி உகரம் குறுகி ஒலிக்கிறதல்லவா, அந்தக் குற்றியலுகரம்தான் பெரிய யெர். ‘நாகியாது’ என்பதில் வரும் குற்றியலிகரம் சின்ன யெர். ஸ்லாவிய மொழிகள் பிரிந்தபோது இந்த இரண்டு குறுகிய உயிர்களும் சில இடங்களில் அடியோடு மறைந்தன, சில இடங்களில் முழு உயிராகத் தடித்தன. இக்கட்டுரையில் உ’, இ’ என்று எழுதினால் அது யெர்.

ஒரு எச்சரிக்கை. வேலைத் தாளில் தமிழ் எழுத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள். த, ப, க ஆகியவற்றில் வல்லொலியும் அதிர்வொலியும் தமிழில் ஒரே எழுத்து. வேர் தேடும் வேலையில் அந்த வேறுபாடுதான் உயிர்நாடி. நோட்டில் கிரில்லிக்கிலோ, அகராதிகள் பயன்படுத்தும் ஒலிக்குறிகளிலோ எழுதுங்கள். *ஸு’பாதியைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், அதில் அந்தச் சிக்கல் குறைவு.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

எல்லாவற்றையும் சேகரித்துவிட்டுத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தால் சேகரிப்பிலேயே ஆறு மாதம் போய்விடும். முதல் வினைக்கு இவ்வளவு போதும்.

ஃபாஸ்மரின் ரஷ்யச் சொற்பிறப்பியல் அகராதி. ஜெர்மன் மூலம் ஹைடல்பெர்கில் 1950 முதல் 1958 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. ஓலெக் த்ருபச்சோவ் ரஷ்யனில் மொழிபெயர்த்துத் தம் குறிப்புகளையும் சேர்த்து 1964 முதல் 1973 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். இரண்டிலும் ரஷ்யப் பதிப்பையே எடுங்கள். சேர்க்கப்பட்ட குறிப்புகள் பல இடங்களில் மூலத்தைத் திருத்துகின்றன. இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

டெர்க்ஸனின் ஸ்லாவியச் சொற்பிறப்பியல் அகராதி, லெய்டனில் பிரில் பதிப்பகம், 2008. இதன் தலைச்சொல்லே மூல ஸ்லாவிய வடிவம் என்பதால் புதியவருக்கு மிக வசதி. மாணவர் சொந்தக் காசில் வாங்கும் விலையில் இல்லை. பல்கலைக்கழக நூலகம் வழியாகப் பாருங்கள். யெர் எழுத்துள்ள சொற்களை அகரவரிசையில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று முன்னுரையில் பார்த்துவிட்டுத் தேடுங்கள். ‘சொல்லே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தவறான பக்கத்தில் தேடியவர்கள்.

ரிக்ஸ் தலைமையில் வந்த இந்தோ-ஐரோப்பிய வினைவேர்களின் ஜெர்மன் அகராதி, சுருக்கமாக எல்ஐவி. முதல் பதிப்பு 1998, இரண்டாம் பதிப்பு 2001. இரண்டாவதையே பாருங்கள். ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சுருக்கக் குறிகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டால் போதும்.

ஸ்லாவியத்தின் மிகப் பழைய எழுத்து மொழியான பழைய சர்ச் ஸ்லாவியத்துக்கு பிராகா (ப்ராக்) அகராதி, 1966 முதல் 1997 வரை நான்கு தொகுதிகள். இப்போது கோரஸ்த் என்ற பெயரில் இணையத்தில் இலவசம். லிதுவேனியனுக்கு இருபது தொகுதிப் பேரகராதி, அதுவும் இணையத்தில் இலவசம். சமஸ்கிருதத்துக்கு கோல்ன் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் மோனியர் வில்லியம்ஸ்.

வாங்க வேண்டாத ஒன்றையும் சொல்கிறேன். மாஸ்கோவிலிருந்து 1974 முதல் வரும் மாபெரும் ஸ்லாவியச் சொற்பிறப்பியல் அகராதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நாற்பது தொகுதிகளுக்கு மேல் வந்தாலும் அகரவரிசையில் ‘ஸ’ எழுத்தை எட்டவில்லை. *ஸு’பாதியை அதில் தேடி ஒரு மாலைப்பொழுதை வீணாக்காதீர்கள். நீங்கள் எடுக்கும் வினை வரிசையில் முன்னால் வருவதென்றால் மட்டும் அதைத் திறங்கள்.

ஆகச் செலவு: முதல் வினைக்கு ஒரு நோட்டின் விலை.

3. சுருக்கக் குறிகள்: ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

ஃபாஸ்மரில் ‘பழைய இந்திய’ என்று பொருள்படும் சுருக்கம் அடிக்கடி வரும். அது சமஸ்கிருதம். இந்தி என்று நினைத்து ஏமாறுபவர் உண்டு. ‘லித்.’ லிதுவேனியன், ‘ல்த்ஷ்.’ லாத்வியன், இரண்டையும் குழப்பாதீர்கள். இன்னொன்று: ஃபாஸ்மர் பழைய குறியீட்டு முறையில் எழுதுபவர், எல்ஐவி புதிய முறை. வேரில் தொண்டையொலி உள்ள சொற்களில் இரண்டு நூல்களிலும் ஒரே வேர் வெவ்வேறு உருவில் நிற்கும். *ஸு’பாதியின் வேரில் அது இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம்.

4. முதலில் ஸ்லாவியத்துக்குள்ளேயே திரட்டுங்கள்

சமஸ்கிருத அகராதியைத் திறக்கும் ஆசையை இங்கே அடக்க வேண்டும். முதல் ஆறு மணி நேரம் ஸ்லாவியம் மட்டும்.

ஒவ்வொரு மொழியிலும் இரண்டு வடிவம் எழுதுங்கள்: வினையெச்ச வடிவம், நிகழ்காலம். அகராதித் தலைச்சொல்லை மட்டும் எழுதுவது புதியவர் செய்யும் முதல் தவறு. வேர் பெரும்பாலும் நிகழ்காலத்தில்தான் பேசும்.

ரஷ்யன்: ஸ்பாத், நான் தூங்குகிறேன், ஸ்ப்லியூ, அவன் தூங்குகிறான், ஸ்பீத்.
உக்ரைனியன்: ஸ்பாதி, ஸ்ப்லியூ.
போலிஷ்: ஸ்பாச், ஷ்பியெ.
செக்: ஸ்பாத், ஸ்பீம்.
ஸ்லோவீன்: ஸ்பாதி, ஸ்பிம்.
பழைய சர்ச் ஸ்லாவியம்: ஸு’பாதி, ஸு’ப்ல்யோங் (கடைசி ங் மூக்கொலி உயிரைக் காட்ட மட்டும்).

செர்பியனில் அன்றாடச் சொல் ‘ஸ்பாவதி’. இதைப் பார்த்து ‘வ’ மூலத்திலேயே இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். அது பின்னால் நீட்டப்பட்ட வடிவம். பக்கத்து ஸ்லோவீனும் மேலே பட்டியலிட்ட மற்ற மொழிகளும் ‘வ’ இல்லாமல் நிற்கின்றன. செக், ஸ்லோவீன் நிகழ்காலத்தின் ‘ம்’ விகுதியையும் மூலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ‘இருக்கிறேன்’, ‘தருகிறேன்’ போன்ற சில வினைகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது, பிறகு மற்ற வினைகளுக்கும் பரவியது. பழைய சர்ச் ஸ்லாவியத்தில் இந்த வினைக்கு ‘ம்’ இல்லை. சந்தேகம் வந்தால் அந்தச் சாட்சியிடமே போங்கள்.

அடுத்து அதே வேரில் பிறந்த மற்ற சொற்கள். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். தூக்கம், கனவு என்று பொருள்படும் ரஷ்ய ‘ஸோன்’, போலிஷ்-செக் ‘ஸென்’, பல்கேரியன் ‘ஸ’ன்’. தூங்கிப்போ என்ற ‘உஸ்னூத்’. இறந்தவரைக் குறிக்கும் ‘உஸோப்ஷிய்’. மாதாவின் துயில்விழாவான ‘உஸ்பேனியே’. மாஸ்கோ கிரெம்ளினில் 1479-இல் கட்டி முடித்த உஸ்பென்ஸ்கி பேராலயத்தின் பெயருக்குள் இருப்பது இந்தத் தூக்கம்தான்.

5. யெர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படிதான் வேலையின் முதுகெலும்பு. நிதானமாகச் செய்யுங்கள்.

ரஷ்யனில் ‘ஸ்பாத்’ என்று ஸ்-உம் ப்-உம் ஒட்டி நிற்கின்றன. மூலத்திலும் ஒட்டித்தான் இருந்தனவா, நடுவில் யெர் இருந்து விழுந்துவிட்டதா? விழுந்த யெரைப் பிடிக்க ஒரு எண்ணும் முறை உண்டு. சொல்லின் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதலில் வரும் யெர் மெலிது, அதற்கு முந்தையது வலிது, அதற்கு முந்தையது மீண்டும் மெலிது. நடுவில் முழு உயிர் ஒன்று வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. மெலிந்தது மறையும், வலிது முழு உயிராகும். ரஷ்யனில் பெரிய யெர் ஒ ஆகும், சின்ன யெர் எ ஆகும்.

*ஸு’னு’ என்பதை எண்ணுங்கள். கடைசி மெலிது, விழுந்தது. முதலாவது வலிது, ஒ ஆனது: ஸோன். ‘தூக்கத்தின்’ என்ற வேற்றுமையில் *ஸு’னா. கடைசியில் முழு உயிர், அதனால் முன்னிருக்கும் யெர் மெலிது: ஸ்னா. ஒரே சொல்லில் ஒ தோன்றுவதும் மறைவதுமாக இருந்தால் அங்கே யெர் இருந்தது என்பதற்கு அது கைரேகை. தினத்துக்கும் இதே கதை: *தி’னி’ என்பது ரஷ்யனில் தியேன், வேற்றுமையில் த்ன்யா.

வினைக்கு வருவோம். *ஸு’பாதியில் யெருக்கு அடுத்து முழு ஆ, ஆகவே மெலிது, ஆகவே ஸ்பாத். சரிதான், ஆனால் இதையே சாட்சியாகக் காட்ட முடியாது. நாமே யெரை வைத்து நாமே விழவைத்திருக்கிறோம். யெர் வலிதாக நிற்கும் வடிவம் ஒன்று அதே வினையில் வேண்டும். அதுதான் ‘உஸோப்ஷிய்’. மூலத்தில் *உஸு’பு’ஷ்… என்று இரண்டு யெர் அடுத்தடுத்து. இரண்டாவது மெலிது, விழுந்தது. முதலாவது வலிது, ஒ ஆனது. ஸோப். யெர் இருந்தது உறுதி. இந்த ஒரு சொல் கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள் என்பேன்.

பழைய சர்ச் ஸ்லாவியப் படிகளில் யெர் எழுத்திலேயே இருக்குமே, இவ்வளவு சுற்று எதற்கு? எழுதியவர்கள் காலத்திலேயே மெலிந்த யெர் உதிரத் தொடங்கிவிட்டது. விட்டு எழுதிய இடங்களும் உண்டு. ஒரு படியில் யெர் இல்லை என்பதை வைத்து மூலத்தில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் விழும் குழி இது. ரஷ்யனில் ‘ஸ்பேத்’ என்ற ஒலியில் ‘பழு, கனி’ என்றொரு வினையும் ‘பாடி முடி’ என்றொரு வினையும் உண்டு. முதலாவதில் ஸ்-ப் இடையே எப்போதுமே எதுவும் இருந்ததில்லை. ‘உஸ்பேத்’ (நேரத்துக்குச் செய்து முடி) அதன் உறவு. இரண்டாவதில் ‘ஸ்’ முன்னொட்டு, வேர் ‘பே’. மேலோட்டமாகப் பார்த்தால் உஸ்பேனியேவும் உஸ்பேத்தும் அண்ணன் தம்பி போலிருக்கும். ஒன்று துயில், மற்றது வெற்றி.

6. காணாமல் போன மெய்யைத் தேடுங்கள்

வினையில் ப இருக்கிறது. பெயர்ச்சொல் ‘ஸோன்’-இல் இல்லை. உஸ்னூத்திலும் இல்லை. உஸோப்ஷியில் இருக்கிறது. ந-வுக்கு முன் மட்டும் ப போய்விட்டது: *ஸு’ப்னு’ என்பது *ஸு’னு’ ஆனது.

இப்படி ஒரு விதியை எழுதினால், உங்கள் சொல்லோடு சம்பந்தமில்லாத இரண்டு சொற்களில் அதைச் சோதியுங்கள். என் கணக்கில் இந்தத் துறையின் ஒழுக்கம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடக்கம். ரஷ்யனில் ‘தாப்பீத்’ மூழ்கடி, ‘தனூத்’ மூழ்கு: ந-வுக்கு முன் ப இல்லை. ‘காப்பத்’ சொட்டு, ‘கானூத்’ விழுந்து மறை: இங்கும் ப இல்லை. விதி நிற்கிறது. ரஷ்யனில் ‘காப்னூத்’ என்றும் ஒரு வினை இருக்கிறதே என்றால், அது காப்பத்தைப் பார்த்து ப-வைத் திரும்ப ஒட்டிக்கொண்ட புது வடிவம். இப்படிப் புதிதாக ஒட்டிய மெய்யைப் பழையது என்று எண்ணி விதியைக் கைவிடுபவர்கள் நிறைய.

7. இப்போது வெளியே போகலாம்: உயிர் எந்த நிலையில் இருக்கிறது?

ஸ்லாவியம், சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் போன்றவற்றின் பொது மூலமான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஒரு வேர் ஒரே உருவில் நிற்பதில்லை. நடுவிலுள்ள உயிர் முழுதாக நிற்கும், அல்லது சுருங்கி மறையும். மறையும்போது பக்கத்து ‘வ்’ உயிராகி ‘உ’ ஆகும். இதைப் புரியவைக்க நம்மிடமே இரண்டு சொற்கள் உண்டு: சொப்பனம், சுழுத்தி. இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை, இரண்டிலும் ஒரே வேர். சொப்பனம் ஸ்வப்ன என்ற முழு நிலை. சைவ சித்தாந்தத்தில் ஆழ்ந்த உறக்க நிலையைக் குறிக்கும் சுழுத்தி, ஸு என்ற முன்னொட்டோடு ஸுப்தி என்ற சுருங்கிய நிலை சேர்ந்த ஸுஷுப்தி. ஸ்வப், ஸுப். அவ்வளவுதான் உயிர்மாற்றம்.

ஸ்லாவிய *ஸு’ப் இவற்றில் எது? குறில் உ ஸ்லாவியத்தில் பெரிய யெர் ஆகும். சோதனைக்கு இரண்டு சொல்: சமஸ்கிருத ஸ்னுஷா (மருமகள்), ஸ்லாவியம் *ஸ்னு’ஹா. புத்தர் பெயரில் உள்ள புத் (விழி), ஸ்லாவியம் *பு’தேதி, விழித்திரு. ஆகவே *ஸு’ப் நேராக ஸுப். சுழுத்தியின் பக்கம், சொப்பனத்தின் பக்கமல்ல.

முழு நிலையில் இருந்த ‘வ’ உதிர்ந்து இப்படி ஆகியிருக்கலாமே என்று கேட்டால், முடியாது. சொல் முதலில் வரும் ஸ்வ ஸ்லாவியத்தில் பொதுவாக உதிர்வதில்லை. மாமியாரைக் குறிக்கும் *ஸ்வெக்ரி அப்படியே நிற்கிறது.

பிற மொழிச் சாட்சிகளை நிலை வாரியாகப் பிரித்து எழுதுங்கள், மொழி வாரியாக அல்ல. முழு நிலை: சமஸ்கிருதம் ஸ்வபிதி (தூங்குகிறான்), பழைய ஆங்கிலம் ஸ்வெஃபன், லத்தீன் ஸோபோர், லிதுவேனியன் ஸாப்னஸ் (கனவு). சுருங்கிய நிலை: ஹிட்டைட் (துருக்கிப் பகுதியின் அழிந்த மொழி) ஸுப்பரி, சமஸ்கிருதம் ஸுப்த (உறங்கிய), கிரேக்கம் ஹுப்னோஸ், ஸ்லாவியம் *ஸு’ப்னு’. கிரேக்கத்தில் சொல்முதல் ஸ ஹ ஆகும் என்பது தெரிந்தால், ஹுப்னோஸும் ரஷ்ய ஸோனும் எழுத்துக்கு எழுத்து ஒரே சொல் என்பது கண்ணுக்குத் தெரியும். எல்ஐவி-யில் இந்த வேர் *ஸ்வெப்.

8. மூன்று கவர்ச்சியான பொறிகள்

முதலாவது ஆங்கில ‘ஸ்லீப்’. ஸ, ப இரண்டும் இருக்கின்றன, பொருளும் ஒன்று. ஆனால் மூலத்துப் ப ஜெர்மானியக் கிளையில் ஃப ஆகும். அதைத்தான் ஸ்வெஃபனில் பார்த்தோம். ஆங்கிலத்தில் ப அப்படியே நிற்கிறதென்றால் அது வேறு மெய்யிலிருந்து வந்தது. ஸ்லீப்புக்கு ஸ்லாவியத்தில் உறவாகக் காட்டப்படுவது ‘ஸ்லாபு’’, பலவீனமான என்ற சொல்.

இரண்டாவது தமிழருக்கென்றே வைத்த பொறி. லிதுவேனியனில் ‘ஸுப்தி’ என்றால் ஆட்டு, தொட்டிலை ஆட்டு. தமிழில் ‘தூங்கு’ என்பதற்குத் தொங்கு, ஆடு என்பதும் பழைய பொருள். தூக்கணாங்குருவியின் கூடு தூங்குவது அப்படித்தான். ஆக ஆடுதலிலிருந்து உறக்கம், லிதுவேனியன் ஸுப்தியிலிருந்து ஸ்லாவிய *ஸு’பாதி! எழுதும்போது கை துள்ளும். தள்ளிவிடுங்கள். தமிழில் பொருள் அப்படி நகர்ந்தது ஸ்லாவியத்துக்குச் சாட்சியாகாது. ஆட்டு என்ற அந்த வேரை ஃபாஸ்மர் ரஷ்ய ‘ஸீபத்’ (தூவு, கொட்டு) என்பதோடு சேர்க்கிறார்.

குழப்பம் அதோடு நிற்பதில்லை. பழைய சர்ச் ஸ்லாவியத்தில் ‘கொட்டு’ என்ற வினை ‘ஸூதி’, அதன் நிகழ்காலம் ‘ஸு’போங்’. உறக்க வினையின் அடியும் ஸு’ப். இரண்டும் நிகழ்காலத்தில் தோளோடு தோள் உரசும். பிரித்தறிவது விகுதியால்: தூங்குகிறான் *ஸு’பிது’, கொட்டுகிறான் *ஸு’பெது’. அதனால்தான் நிகழ்காலத்தை எழுதுங்கள் என்று நாலாம் படியில் வற்புறுத்தினேன். இன்றைய ரஷ்யனிலும் ‘ஃஸஸிபாத்’ என்ற ஒரே ஒலிக்கு உறங்கிப்போ என்றும், மண் போட்டு மூடு என்றும் இரண்டு பொருள்.

மூன்றாவது, சமஸ்கிருதத்தைத் தாயாக நினைப்பது. ஸ்லாவியம் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை. இரண்டும் ஒரே மூலத்தின் கிளைகள். தமிழ்ச் சொப்பனமோ கடன் வாங்கியது. அதைச் சாட்சிப் பட்டியலில் சேர்த்தால் ஒரே ஆளை இரண்டு முறை கூண்டில் ஏற்றியதாகும். நினைவு வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவே. உறங்கு, துயில் என்ற நம் சொற்களுக்கு இங்கே வேலையே இல்லை.

9. கணக்கில் இடிக்கும் எழுத்தை மறைக்காதீர்கள்

வேர் கிடைத்ததும் பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். மிச்ச எழுத்துகள்? கடைசி ‘தி’ வினையெச்ச விகுதி, லிதுவேனியனிலும் உண்டு. ஸ்ப்லியூவில் வரும் ல, ப-வும் ய-வும் சேரும் இடத்தில் முளைத்தது. நிகழ்காலத்தின் இ, ஒரு நிலையில் இருப்பதைக் குறிக்கும் வினைகளின் அடையாளம். தூக்கமும் ஒரு நிலைதானே.

நடுவில் உள்ள ஆ இடிக்கிறது. இ நிகழ்காலம் எடுக்கும் நிலைவினைகள் வினையெச்சத்தில் ஏ எடுக்க வேண்டும். விழித்திரு என்பது ஒழுங்காக *பு’தேதி, *பு’திது’. அதே கணக்கில் நமக்கு *ஸு’பேதி அல்லவா வர வேண்டும்? ‘படுத்திரு’ என்ற லெஷாதியிலும் ஆ உண்டு. ஆனால் அங்கே உரசொலிக்குப் பின் ஏ ஆ ஆனது. ப அப்படிப்பட்ட மெய்யல்ல. ஆகவே *ஸு’பாதியின் ஆ தனி விளக்கம் வேண்டுவது. தாளில் அந்த எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, டெர்க்ஸனும் மற்றவர்களும் என்ன சொல்கிறார்கள் என்று அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள். எல்லா எழுத்தும் வழுக்கிக்கொண்டு பொருந்தும் சொற்பிறப்பைக் கண்டால் அனுபவமுள்ளவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள்.

அழுத்தம் பற்றி: முதல் வினைக்கு விட்டுவிடுங்கள். ரஷ்யனில் ‘அவன் தூங்கினான்’ ஸ்பால், ‘அவள் தூங்கினாள்’ ஸ்பலா என்று அழுத்தம் கடைசிக்கு ஓடுகிறது என்பதை மட்டும் குறித்துவையுங்கள். மூன்றாவது நான்காவது வினையில் அந்தக் குறிப்பு உதவும்.

10. தாள் எழுதும் முறையும் நேரமும்

ஒரு வினைக்கு ஒரு முழுத் தாள், நான்கு நெடுவரிசை: வடிவம், மொழி, எந்த விதி, அந்த விதிக்கு வேறு இரண்டு சான்று. நாலாவது நெடுவரிசை காலியாக உள்ள வரியெல்லாம் இன்னும் ஊகம்தான். *ஸு’பாதிக்கு இந்தத் தாளில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரிகள் வரும்.

எழுத்து பழகிய பின் நேரக் கணக்கு: ஸ்லாவிய வடிவங்களைத் திரட்ட ஆறு மணி, யெர் கணக்குக்கும் மெய்க் கணக்குக்கும் ஐந்து, வெளி மொழிகளுக்கு ஐந்து, பொறிகளைச் சரிபார்க்க இரண்டு, எழுத இரண்டு. ஒரே நாளில் உட்கார்ந்து முடிக்க முயலாதீர்கள். யெர் எண்ணிக்கையை மறுநாள் காலையில் திரும்ப எண்ணினால் பிழை தானே தெரியும். இரவு பதினொரு மணிக்குக் கண்டுபிடித்த உறவுகளை நம்பாதீர்கள். இரண்டாவது வினைக்குப் பாதி நேரம் போதும், விதிச் சான்றுகள் பல முதல் தாளிலேயே இருக்கும்.

அந்த இரண்டாவது வினை எது? ‘கண்ணயர்’ என்ற ரஷ்ய ‘த்ரிமாத்’, மூல ஸ்லாவியம் *த்ரேமாதி. ஃபாஸ்மர் அதை லத்தீன் ‘தோர்மியோ’வோடும், நம் நித்திரைக்கு மூலமான சமஸ்கிருத நித்ராவோடும் சேர்த்துப் பேசுகிறார். அதில் யெர் இல்லை, ஆனால் நெட்டுயிர் ஒன்று எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். நித்ராவில் ம இல்லை என்பதைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.